கவர் வேண்டாம், பை இருக்கு

கோத்தகிரியில் 20 வருடங்களுக்கு மேல் மளிகைக் கடை நடத்தினேன். ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கவரில் கட்டிக் கொடுத்தவள்தான். சுப்ரியா சாகு கலெக்டராக இருந்தபோது, தமிழ்நாடு முழுக்கத் தடை வருவதற்குப் பல வருடங்கள் முன்பே, நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளை நிறுத்தினார்கள். அப்போது மாறினேன். கடைக்குப் போகும்போது கவரை எப்படித் தவிர்ப்பது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

குன்னூர்: அக்கா, துணிப்பை நாலைந்து இருக்கு. மார்க்கெட் போன பிறகுதான் ஞாபகம் வருது. என்ன செய்ய?

பீரோவில் மடித்து வைத்தால் மறக்கத்தான் செய்யும். குடை மாட்டும் ஆணியிலேயே பையையும் மாட்டுங்கள். நம் ஊரில் குடை இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை, பையும் கூடவே கைக்கு வந்துவிடும். சாமானைக் கொட்டியதும் பை அதே ஆணிக்குத் திரும்ப வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஊட்டி: கடையில் துணி மாதிரியே ஒரு பை தருகிறார்கள். அது பிளாஸ்டிக் இல்லைதானே?

பிளாஸ்டிக்தான் தம்பி. பாலிபுரோப்பிலீனை உருக்கி இழையாக்கி, நெய்யாமல் அழுத்தி ஒட்டியது அது. பையின் ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கை வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க் பக்கத்தில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் உதிரும். இது சுருங்கி, சொட்டி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகைப் பொருட்களில் இதுவும் ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்குப் பதிலாகக் கடைக்குக் கடை புதுத் துணிப்பை வாங்கிச் சேர்ப்பதும் சரியில்லை. பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேண்டும், நூற்க, நெய்ய மின்சாரம் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஒரு கணக்குப் போட்டது. ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய கவரைவிடப் பருத்திப் பையால் பூமி குறைவாகச் சூடாக வேண்டும் என்றால், அந்தப் பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டுமாம். வாரம் 2 முறை கடைக்குப் போனால் ஒன்றேகால் வருடம். ஆகவே இருக்கிற பையைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள், கிழிந்தால் தைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேண்டுமென்றால் பழைய வேட்டி, பேன்ட் துணியில் தைத்துவிடலாம். பேன்ட் துணி 5 கிலோ உருளைக்கிழங்கையும் தாங்கும்.

கூடலூர்: ஜூலை மழையில் துணிப்பை காய்வதே இல்லை. பூஞ்சை பிடித்து நாறுகிறது.

மழைக்காலத்தில் பையைத் தினமும் துவைக்காதீர்கள். மண் ஒட்டும் கேரட், பீட்ரூட்டுக்கு ஒரு பை, அரிசி பருப்புக்கு ஒரு பை என்று பிரித்துக்கொண்டால் துவைக்கும் வேலை பாதியாகும். துவைத்த பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அடுப்புக்கு மேலே தீ படாத உயரத்தில் கொடி கட்டிப் போடுங்கள். கைப்பிடித் தையல் கடைசியாகத்தான் காயும், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள்.

அரவங்காடு: கறி, தயிர், மாவுக்கு என்ன வழி? போசி (பாத்திரம்) கொண்டுபோனால் எடையில் குழப்பம் வருது.

மூன்றுக்கும் போசிதான். எலக்ட்ரானிக் தராசில் ‘டேர்’ என்று ஒரு பட்டன் உண்டு. காலிப் போசியை வைத்து அதை அழுத்தினால் பூஜ்யம் காட்டும், அப்புறம் கறியைப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் சலித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். கவர் வாங்கும் காசு அவருக்கும் மிச்சம்.

மஞ்சூர்: ‘மக்கும் கவர்’ என்று போட்டிருந்தால் வாங்கலாமா?

நம் குளிரில் வேண்டாம். அந்த வகையில் பெரும்பாலானவை 60 டிகிரி அளவு சூடுள்ள உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். நம் தோட்டத்துக் குழியில் அந்தச் சூடு வராது.

கோத்தகிரி: காய்கறிக் கழிவை மட்டும் கவரில் கட்டிப் போடுகிறேன். அதில் என்ன தப்பு அக்கா?

ஒருநாள் காலை கடை திறக்கப் போனபோது குப்பைத் தொட்டி அருகே காட்டுமாடு ஒன்று நின்றது. கேரட் தழை கட்டிய கவர் ஒன்றை முடிச்சோடு கவ்வி இழுத்தது. முடிச்சு அவிழவில்லை. கவரோடு சேர்த்து மென்று விழுங்கியது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன், கிட்டப் போக முடியாதே. அசைபோடும் விலங்கின் வயிற்றில் பிளாஸ்டிக் செரிக்காது, சேர்ந்து சேர்ந்து அடைத்துக்கொள்ளும். முடிச்சுப் போட்ட அந்தக் கவர் என் கடையில் கொடுத்ததாகக்கூட இருந்திருக்கலாம். தழையைத் தோட்டக் குழியில் போட்டு மண் மூடுங்கம்மா. இடம் இல்லையென்றால் மூடியுள்ள வாளியில் வைத்து, மக்கும் குப்பை எடுக்க வருபவரிடம் கொட்டுங்கள்.

ஊட்டி: பால் கவரைத் தவிர்க்கவே முடியவில்லையே?

பால் கவருக்குத் தடை இல்லை. வெட்டும்போது மூலையை முழுதாக நறுக்கி எடுக்காதீர்கள், கவரோடு ஒட்டியே இருக்கட்டும். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், சாக்கடைக்குத்தான் போகும். காலிக் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.