பழைய கார், பழைய மோட்டார் சைக்கிள்: பார்க்கப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

பழைய வாகனங்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் ஆர்வலர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கோப்பாயிலிருந்து ஓர் உயர்தர மாணவன்: அண்ணா, பழைய கார்க் காட்சி என்றால் கொழும்புக்குத்தான் போகவேண்டுமா? யாழ்ப்பாணத்தில் எங்கே பார்ப்பது?

தம்பி, கொழும்பில் பழைய கார்ச் சங்கங்கள் காட்சி நடத்தும்போது போய்ப் பாரும், கட்டாயம் பாரும். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எல்லாம் நம் ஊர் வீட்டு முகப்புகளிலும் கராஜ்களிலும் நிற்கின்றன. கல்யாணக் காலத்தில் மாலை போட்டுக்கொண்டு வீதியிலும் வரும். கேற்றில் நின்று எட்டிப் பார்க்காமல், உள்ளே போய் வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேளும். காலையில் போவது நல்லது. குளிர்ந்திருக்கும் எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் உண்மையான உடல்நிலை தெரியும். நாம் வருமுன்பே சூடாக்கி வைத்த வண்டி பல நோய்களை மறைத்துவிடும்.

மானிப்பாய்: எங்கள் ஐயாவின் மொறிஸ் மைனரை எல்லோரும் ‘விண்டேஜ் கார்’ என்கிறார்கள். சரிதானா?

சரியில்லை. பிரித்தானியச் சங்கங்களின் கணக்கில் விண்டேஜ் என்பது 1919 முதல் 1930 வரை செய்த வண்டி. மைனர் 1948 இல்தான் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் காட்சியில் வெளியானது. ஆகவே அது கிளாசிக், அதாவது விண்டேஜுக்குப் பிந்திய பழைய கார். அதனால் உங்கள் காருக்கு ஒரு குறைவும் இல்லை.

அதே மானிப்பாய் அன்பரும் வேறு இருவரும்: மைனர் எந்த வருடத்தது என்று பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். முதலில் முகத்தைப் பாருங்கள். மிக ஆரம்பகால வண்டிகளில் முன் விளக்குகள் கிரில்லோடு சேர்ந்து தாழ்வாக இருக்கும். பிறகு அவை மட்கார்டின் மேலே ஏறிவிட்டன. அடுத்தது முன் கண்ணாடி. நடுவில் கம்பியோடு இரண்டு துண்டாக இருந்தால் 1956 க்கு முந்திய உடல். ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தியது. எஞ்சினும் மாறிக்கொண்டே வந்தது: முதலில் 918 சிசி, 1952 இலிருந்து 803, 1956 இல் 948, 1962 இல் 1098. ஆனால் இங்கே எஞ்சினை நம்பி வருடம் சொல்லாதீர்கள். கிடைத்த எஞ்சினைப் போட்டு ஓடிய ஊர் இது.

இனி பொனற்றின் நடுவில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். முன்னிருந்து பின்னாக ஒரு தட்டையான பட்டி ஓடும். அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி மிகவும் ஒடுக்கமாக இருக்கிறது என்று நினைத்து அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் செய்தார். பாதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் 4 அங்குலம் அகலமாக்கினார். அந்த 4 அங்குலம்தான் உங்கள் விரலுக்குக் கீழே இருப்பது. பம்பர்களோ அதற்குமுன்பே செய்து முடிந்திருந்தன. அதனால் ஆரம்ப வண்டிகளில் பம்பரையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்தார்கள். அப்படி ஒரு பம்பரை எங்காவது கண்டால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

நல்லூர்: இலக்கத் தகட்டிலிருந்து ஏதாவது அறியலாமா?

அறியலாம். ஆங்கில எழுத்தோடு உள்ள பழைய தகடு என்றால் பெரும்பாலும் 1957 க்கு முன் பதிவான வண்டி. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. நம் பகுதிகளில் அதை எதிர்த்து, தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டினார்கள். 1958 கலவரத்துக்கு முந்திய மாதங்களில் நாட்டையே கொதிக்க வைத்த விடயங்களில் இந்தத் தகடும் ஒன்று. ஆகவே அந்தக் காலத்துக் காரைப் பார்க்கும்போது தகட்டையும் நின்று பாருங்கள். பழைய தகடு வீட்டில் கிடந்தால் இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பருத்தித்துறை: மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 ஒன்று உறவினர் வீட்டில் நிற்கிறது. எஞ்சின் முடிந்துபோயிருக்கும் என்கிறார்கள். அது பார்க்கத் தகுந்த வண்டிதானா?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உலகத்தின் எந்தக் காட்சிக் கூடத்திலும் கிடைக்காத வண்டி அது.

1990 இல் போரின்போது நம் பகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால்தான் அந்தச் சில துளிகள். நவீன எஞ்சின் இதற்கு இணங்காது. ஏ40 இன் 1200 சிசி எஞ்சின் சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை ஏறக்குறைய 7 மடங்குதான் அமுக்கும், ஆகவே தாங்கியது. ஏற்றமே இல்லாத நம் தரையும் உதவியது. மலைநாட்டில் இதே வேலையைச் செய்திருந்தால் எஞ்சின் தட்டித் தட்டியே உடைந்திருக்கும்.

கெடுதி இல்லாமல் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிஸ்டன் தலையில் கரி படியும். ஆனால் ‘முடிந்துவிட்டது’ என்று வெளியில் நின்று சொல்லக்கூடாது. எஞ்சின் தலை எப்போதாவது கழற்றப்பட்டால் அருகில் நில்லுங்கள். பிஸ்டன் தலையில் கரியைத் துடைத்ததும் 020 அல்லது 040 என்று அடித்திருப்பது தெரியலாம். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் அது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 அல்லது 40 பங்கு பெரிது என்று பொருள். உதிரிப்பாகம் வராத காலத்தில் நம் மெக்கானிக்மார் செய்த வேலை அங்கேதான் தெரியும். பளபளவென்று பெயின்ற் அடித்த வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது, இப்படிப்பட்ட வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் மெய்யாகவே வருத்தம். கையால் அடித்து நிமிர்த்திய தகரத்தையும், வேறு வண்டியிலிருந்து வந்த திருகாணியையும் பார்க்கப் பழகுங்கள். அந்த வேலையைச் செய்தவர் இன்னும் இருக்கிறாரா என்று உறவினரிடம் கேட்டுக் குறித்தும் வையுங்கள்.

கொக்குவில், ஓர் அம்மா: நவம்பரில் லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறோம். இவருக்குப் பழைய வாகனம் என்றால் உயிர். எதைக் காட்டலாம்?

நல்ல மாதம் அம்மா. நவம்பர் முதல் ஞாயிறு லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய கார்கள் ஓடும். 1905 க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டுமே இடம். விடியும்போது ஹைட் பார்க்கில் புறப்படுவார்கள். வீதியோரம் நின்று பார்க்கப் பணம் தேவையில்லை. கம்பளிச் சட்டையை மட்டும் மறக்க வேண்டாம். 1896 இல் பிரித்தானியாவில் கார்களுக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்த்தப்பட்டு, முன்னால் ஓர் ஆள் நடக்கவேண்டும் என்ற விதியும் போனது. அதைக் கொண்டாடிய பயணத்தின் நினைவாகவே இது ஓடுகிறது.

மோட்டார் சைக்கிள் பிரியர் என்றால் பர்மிங்காம் அருகே சோலிஹல்லில் தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. 2003 தீயில் நூற்றுக்கணக்கான வண்டிகள் எரிந்தும் மீண்டும் எழுந்த இடம் அது. இந்தியா போவோர் கோயம்புத்தூர் அவிநாசி வீதியிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம்.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி: படம் எடுக்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை?

தங்கச்சி, கைப்பை, கடிகாரம், காப்பு எதுவும் பெயின்றில் உரசக்கூடாது. கதவை உரிமையாளர் திறந்தால் மட்டும் உள்ளே பாருங்கள். படத்தை வெளியிடுமுன் அவரிடம் கேளுங்கள், வீடு தெரியாமல் வெட்டிவிடுங்கள். வேறொன்றும் இல்லை.

சாவகச்சேரி: அப்பப்பாவின் பிஎஸ்ஏ பான்ரம் மோட்டார் சைக்கிள் துருவோடு நிற்கிறது. காட்சிக்குக் கொண்டுபோகுமுன் புதிதாகப் பெயின்ற் அடிக்கட்டா?

பொறுங்கள். முதலில் பெற்றோல் தாங்கியைக் கழற்றி அடிப்பக்கத்தையும், அதன் கீழே சட்டத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் மெல்லத் துடையுங்கள். ஆரம்பகால பான்ரம் வெளிறிய பச்சை நிறத்தில் வந்தது. வெயில் படாத அந்த இடங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கலாம். இருந்தால் துருவை மட்டும் நிறுத்திவிட்டு அப்படியே விடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

கியர் மிதி வலப்பக்கம் இருப்பதையும் கவனியுங்கள். போருக்குப் பின் ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி125 மோட்டார் சைக்கிளின் வடிவமைப்பை எடுத்த பிஎஸ்ஏ, பிரித்தானிய வழக்கப்படி கியர் வலப்பக்கம் வரவேண்டும் என்று எஞ்சினைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிச் செய்து 1948 இல் வெளியிட்டது. எஞ்சின் இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் எழுதி அனுப்புங்கள். எந்த வருடத்து வண்டி என்று பார்த்துவிட்டு நிறத்தைப் பற்றிப் பேசுவோம்.