கண்ணாடியிலும் எவர்சில்வர் டம்ளரிலும் ஒட்டும் வினைல் ஸ்டிக்கர் ஒரே வாரத்தில் ஓரம் கிளம்புகிறது. என்ன தவறு செய்கிறேன்?

அநேகமாக ஒட்டுகிற விதத்தில் தவறு இருக்காது. ஒட்டுவதற்கு முந்தின பத்து நிமிடத்தில்தான் இருக்கும். பினாங்கில் வீட்டிலேயே சின்னதாக ஒரு வினைல் வெட்டும் மெஷின் வைத்து, கல்யாணத்தில் விருந்தினருக்குக் கொடுக்கும் டோர் கிஃப்ட், கடைப் பெயர், மோட்டார் சைக்கிள் ஸ்டிக்கர் என்று செய்து கொடுக்கிறேன். இதைச் சரியாகக் கற்றுக்கொண்டது அத்தை கடைக் கதவைக் கெடுத்த பிறகுதான்.

லெபோ பாசாரில், பெருசுகள் இன்னும் கடைத்தெரு என்று சொல்லும் இடத்தில், அத்தைக்கு ஒரு பலகாரக் கடை. கண்ணாடிக் கதவில் முறுக்கு, லட்டு, அதிரசம் என்று வெள்ளை எழுத்தில் வேண்டும் என்றார். மத்தியான நேரம் போய் வெளிப்பக்கமாக ஒட்டினேன். அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. நாலாம் நாள் போன்: "டேய், முறுக்கு தொங்குதுடா."

போய்ப் பார்த்தால் எழுத்து தொங்கியது மட்டுமில்லை, புள்ளிகளும் உதிர்ந்திருந்தன. முறுககு. லடடு. தினமும் வரும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் கதவைப் படித்துவிட்டு, முகம் மாறாமல் "லடடு அரை கிலோ" என்று கேட்டாராம்.

காரணம் ஏர்கோன். உள்ளே 20 டிகிரி, வெளியே நம் ஊர்ப் புழுக்கம். குளிர்ந்த கண்ணாடியின் வெளிமுகம் மெல்ல வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் இழுத்தால் கோடு விழும். அந்த ஈரத்தின் மேல் நான் ஒட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் காலையில் கடை திறந்து ஏர்கோன் போடுவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவேன்.

வினைலின் பின்னால் இருப்பது காய்ந்து இறுகும் கோந்து இல்லை. அழுத்தினால் பிடிக்கும் பசை. அது பொருளை நேரடியாகத் தொட வேண்டும். நடுவில் ஈரமோ எண்ணெயோ தூசியோ இருந்தால் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். முழுப்பிடி வரவும் ஒரு நாளாவது ஆகும். டம்ளரை ஒட்டிய அன்றே கழுவினால் ஓரம் கிளம்பாமல் என்ன செய்யும்? நான் மூன்று நாள் விடச் சொல்வேன்.

துடைப்பதற்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும், மருந்துக் கடையில் கிடைக்கும். கை கழுவும் சானிடைசர் ஜெல்லை எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், வழவழவென்று ஒரு படலத்தை விட்டுப் போகும். சமையல் புகை ஏறிய கண்ணாடி என்றால் முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு ஆல்கஹால். துடைத்த இடத்தை "சுத்தமாக இருக்கிறதா" என்று விரலால் தடவிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தடவினால் மறுபடி துடையுங்கள்.

அடுத்தது ஒட்டுவது. ஸ்டிக்கரை அடித்தாளோடு கண்ணாடியில் வைத்து இடம் பார்த்து, நடுவில் குறுக்காக ஒரு மாஸ்கிங் டேப் போடுங்கள். ஒரு பாதியை மடக்கி, அடித்தாளை உரித்து வெட்டி எறிந்துவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு மறுபாதி. அழுத்துவதற்கு நான் வைத்திருப்பது டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டு, காலாவதியானது, மெல்லிய துணி சுற்றியது. ஓரங்களை இரண்டு முறை அழுத்துங்கள். சின்னக் குமிழி மாட்டினால் ஊசியைச் சாய்த்துக் குத்தி, காற்றை ஓட்டையை நோக்கித் தள்ளினால் போய்விடும்.

புள்ளி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் சொல்லித் தருபவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் i, j-க்கு மேலே மட்டும், ஒரு வரிக்கு ஒன்றிரண்டு புள்ளி வரும். நமக்கு ஒரு வரியில் ஐந்தாறு. ஒவ்வொன்றும் தனித் துண்டு, பிடிப்பதற்குப் பரப்பே கிடையாது. அதனால் தடித்த எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். வெட்டிய எழுத்துகளை மொத்தமாகத் தூக்கி வைக்க உதவும் டிரான்ஸ்ஃபர் டேப்பை மேலே ஒட்டித் தேய்த்த பிறகு, மொத்தத்தையும் குப்புறப் போட்டு, டேப்பைத் தூக்காமல் அடித்தாளைத் தட்டையாக மடித்து இழுங்கள். புள்ளி அடித்தாளிலேயே தங்கினால் இழுப்பதை நிறுத்தி, தாளைத் திரும்பப் படுக்க வைத்து, அந்த இடத்தை நகத்தால் தேய்த்துவிட்டுத் தொடருங்கள். சில எழுத்துருக்களில் எழுத்தும் கொம்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். மென்பொருளில் இணைக்காமல் வெட்டினால் கத்தி எழுத்தின் நடுவே ஓடிவிடும்.

டம்ளரில் இன்னொரு தொல்லை. நம் எவர்சில்வர் டம்ளர் மேலே அகலம், கீழே குறுகல். நேர்கோட்டில் வெட்டிய பெயரைச் சுற்றி ஒட்டினால் கோணிக்கொண்டு போகும். டிரான்ஸ்ஃபர் டேப்பில் எழுத்துகளுக்கு நடுவே சின்னச் சின்னதாகக் கத்தரித்துவிட்டால் வளைவுக்கு ஒத்துவரும். வாய் வைக்கும் விளிம்பில் ஒட்ட வேண்டாம்.

வினைலையும் பாருங்கள். ஓராகல் என்ற பிராண்ட் வாங்கினால் 651 நிரந்தரப் பசை, 631 சுவரில் ஒட்டிப் பிறகு எடுப்பதற்கு. 631-ஐ டம்ளரில் ஒட்டிவிட்டுப் புலம்பியவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். மலிவான, உருளையில் அழுத்தித் தயாரித்த வினைல் வெயிலில் மெல்லச் சுருங்கும், ஓரத்தில் அழுக்குக் கோடு தெரியும். மோட்டார் சைக்கிள் டேங்க் மாதிரி வளைவுகளுக்குத் திரவமாக ஊற்றித் தயாரிக்கும் காஸ்ட் வினைல்தான் சரி. சாப்பாட்டு டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பலீன்; அதில் எதை ஒட்டினாலும் சரியாகப் பிடிக்காது, என்னைத் திட்டாதீர்கள்.

காடியில், அதாவது காரில், ஒட்டுவதாக இருந்தால் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்ளே டின்டட் என்ற கருப்புப் படலம் இருந்தால், இரண்டு வருடம் கழித்து, புது லைசென்ஸ்காரர்கள் ஒட்டும் P ஸ்டிக்கரைப் பிய்க்கும்போது டின்டட்டும் சேர்ந்து வரும்.

அத்தை கதவில் இரண்டாவது முறை ஒட்டியது இன்னும் அப்படியே இருக்கிறது. மாவு இடிக்கக் கை வலிக்கிறது என்று போன தீபாவளியோடு அதிரசத்தை நிறுத்திவிட்டார், அந்தச் சொல்லை மட்டும் எடுக்கச் சொன்னார். ஹேர் டிரையரால் சூடாக்கி, ஒரு மூலையைத் தூக்கிச் சாய்வாக இழுத்தேன். மிச்சப் பசைக்குத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணீர். கடைசி 'ம்' மேல் இருந்த புள்ளிதான் வரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.