வாடகைக் கடை கடனாக மாறிய கதை

கேள்வி: ஒரு துணிக்கடை நிறுவனத்தின் பங்குகளை 2017 முதல் வைத்திருக்கிறேன். ‘கடனே இல்லாத நிறுவனம்’ என்பதால்தான் வாங்கினேன். அண்மையில் பழைய ஆண்டறிக்கைகளை வரிசையாகப் புரட்டினேன். 2018-19 வரை கடன் இல்லை. 2019-20-இல் திடீரென்று ‘குத்தகைப் பொறுப்பு’ என்று 400 கோடி ரூபாய்க்கு மேல் நிற்கிறது. எபிட்டா என்கிற லாபக் கணக்கு எகிறியிருக்கிறது, நிகர லாபமோ குறைந்திருக்கிறது. கணக்கில் ஏதாவது விளையாட்டா? விற்றுவிடலாமா சார்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஆண்டறிக்கைகளை பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருந்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ் ஐயா. விளையாட்டு எதுவும் இல்லை. 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி இண்ட் ஏஎஸ் 116 என்ற குத்தகைக் கணக்கு விதி நடைமுறைக்கு வந்தது. நீங்கள் பார்ப்பது அதன் தடயம்.

ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கு நெறிகளை, சில இடங்களில் நமக்கேற்ப மாற்றி, இண்ட் ஏஎஸ் என்ற பெயரில் மத்திய அரசு 2015 பிப்ரவரியில் அறிவித்தது. வங்கி, நிதி நிறுவனங்கள் நீங்கலாக, நிகர மதிப்பு (சொத்திலிருந்து கடன்களைக் கழித்தால் மிஞ்சுவது) 500 கோடியும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் 2016 ஏப்ரலிலும், எஸ்எம்இ என்ற சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பங்குச்சந்தைத் தளத்தில் இருப்பவை தவிர்த்து பட்டியலிடப்பட்ட மற்ற நிறுவனங்கள் 2017 ஏப்ரலிலும் இதற்கு மாறின. குத்தகை விதி அதற்கு அப்புறம் வந்தது.

ஒரே ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 12 லட்சம், ஆண்டு முடிவில் கட்டுவது, 9 ஆண்டு ஒப்பந்தம், கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வட்டி 9 சதவீதம். பழைய முறையில் வருடா வருடம் 12 லட்சம் வாடகைச் செலவு எழுதினால் வேலை முடிந்தது. இருப்புநிலைக் குறிப்பில் அந்தக் கடைக்கு ஒரு வரிகூட இருக்காது. இப்போது 9 ஆண்டு வாடகையையும், வட்டியைக் கழித்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். சுமார் 72 லட்சம் வரும். அது ஒரு பக்கம் கடையைப் பயன்படுத்தும் உரிமை என்ற சொத்தாகவும், இன்னொரு பக்கம் குத்தகைப் பொறுப்பாகவும் ஏறும். வாடகைச் செலவு காணாமல் போய், முதலாண்டில் அந்த 72 லட்சத்தை 9 ஆண்டுக்குப் பங்கிட்ட தேய்மானம் 8 லட்சமும், அதற்கான வட்டி சுமார் 6.5 லட்சமும் வந்து உட்காரும். மொத்தம் 14.5 லட்சம். கடைச் சொந்தக்காரர் கைக்குப் போவது என்னவோ அதே 12 லட்சம்தான்! வட்டி கரையக் கரைய, ஒன்பதாம் ஆண்டில் செலவு 9 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம். வாடகை தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறி அதற்குக் கீழே போய் ஒளிந்துகொண்டதால் அது 12 லட்சம் கூடிவிட்டது. புதுக் கடைகளாகத் திறந்துகொண்டிருக்கும் நிறுவனத்தில் நிகர லாபம் இறங்குவதும் இதே காரணத்தால்தான். பல நிறுவனங்கள் முந்தைய ஆண்டுக் கணக்கைத் திருத்தாமலேயே புது விதிக்கு மாறின. அதனால் 2018-19-ஐயும் 2019-20-ஐயும் பக்கத்தில் வைத்து வளர்ச்சி விகிதம் போடாதீர்கள்.

‘பணப்புழக்க அறிக்கை பொய் சொல்லாது’ என்று நாங்களே சொல்லிப் பழக்கிவிட்டோம். இந்த விஷயத்தில் அங்கேயும் கவனம் வேண்டும். வாடகை இப்போது நிதி நடவடிக்கைகள் பகுதிக்குப் போய்விட்டது. செயல்பாட்டுப் பணவரவிலிருந்து குத்தகைக்குக் கட்டிய அசலையும் வட்டியையும் நீங்களே கழித்துப் பாருங்கள். எபிட்டாவிலும் அப்படியே. அப்போதுதான் பழைய ஆண்டுகளோடு ஏறக்குறைய ஒப்பிட முடியும்.

அதற்காக அந்த 400 கோடியை வெறும் எழுத்து என்று தள்ளிவிடாதீர்கள். 2018-19 அறிக்கையின் பின்குறிப்புகளைத் தேடுங்கள். ரத்து செய்ய முடியாத குத்தகைகளுக்கு இனி கட்டவேண்டிய வாடகை என்று ஓர் அட்டவணை அநேகமாக இருக்கும். தொகை அப்படியே ஒத்துப்போகாது, ஆனால் சுமை அன்றைக்கும் இருந்தது என்பது புரியும். வியாபாரம் படுத்தாலும் அந்த வாடகையைக் கட்டித்தான் ஆகவேண்டும். என்னைக் கேட்டால், ‘கடனே இல்லாத நிறுவனம்’ என்று உங்களிடம் சொன்னவர் பாதியைத்தான் சொன்னார்.

வங்கிப் பங்குகள் வைத்திருந்தால் இன்னொன்றும் சொல்கிறேன். வங்கிகளுக்கு இண்ட் ஏஎஸ் வருவதை ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் தள்ளிவைத்துவிட்டது. பெரிய என்பிஎஃப்சிகள், அதாவது வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள், 2018 ஏப்ரலிலேயே மாறி, எதிர்பார்க்கும் வாராக்கடனுக்கும் முன்கூட்டியே ஒதுக்கீடு செய்கின்றன. இரண்டின் ஒதுக்கீட்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

சரி, விற்கலாமா? இந்த ஒரு காரணத்துக்காக வேண்டாம். வாடகையைக் கழித்த லாபத்தை ஐந்தாறு ஆண்டுகளுக்கு எழுதிப் பாருங்கள். கடைகள் கூடியும் அது ஏறவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், அப்போது விற்பது பற்றிப் பேசலாம்.