டாக்டர் கொடுத்த அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். எட்டு வருடமாகச் சுகர். 2020 ஜூனில் 3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தேன். ஏஜென்ட்தான் படிவத்தை நிரப்பினார். "சுகரை எழுதினால் பாலிசி தரமாட்டார்கள்" என்று சொல்லி அதை விட்டுவிட்டார். 2023 ஜூனில் 5 லட்சமாக உயர்த்தினேன். 2025 அக்டோபரில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். 4,60,000 ரூபாய் ஆனது. அவசரப் பிரிவில் என் மனைவி எட்டு வருடச் சுகர் என்று சொல்லிவிட்டார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிட்டது. நோயை மறைத்ததாகச் சொல்லி கம்பெனி பணம் தர மறுக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு ரூபாய்கூட நான் கிளெய்ம் வாங்கியதில்லை. சுகர் 2022-ல்தான் வந்தது என்று எங்கள் குடும்ப டாக்டர் இப்போது கடிதம் கொடுத்திருக்கிறார். இதை வைத்து வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு தேதிதான்: 2020 ஜூன். அன்றிலிருந்து பாலிசி விட்டுப்போகாமல் ஓடியிருந்தால், ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று 60 மாதம் தாண்டிவிட்டது. தொடர்ந்து 60 மாதம் ஓடிய பாலிசியில், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருடமாக இருந்தது. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஐந்தாகக் குறைத்தது. ஏதாவது ஒரு வருடம் பிரீமியம் தாமதமாகியிருந்தாலும், 30 நாள் சலுகைக் காலத்துக்குள் கட்டியிருந்தால் தொடர்ச்சி அறுபடாது. ரசீதுகளை எடுத்துப் பாருங்கள்.

கிளெய்மே வாங்காமல் கட்டியது வழக்குக்கு உதவாது. மனைவி சொல்லிவிட்டார் என்று வருத்தப்படவும் வேண்டாம். மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை போடுகிறவருக்கு ஆஞ்சியோ செய்யும்போது சிறுநீரகத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டிவரும். அவர் சொன்னதுதான் சரி.

60 மாதப் பாதுகாப்பில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. மோசடி என்று கம்பெனி நிரூபித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நிரூபிக்க வேண்டியது அவர்கள் வேலை. அந்த வேலையை நீங்களே செய்து கொடுக்கப் போகிறீர்களே என்பதுதான் என் கவலை.

டாக்டரின் கடிதத்தைப் பார்ப்போம். கம்பெனி விசாரணைக்கு ஆள் அனுப்பும். அவர் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டை வாங்குவார், நீங்கள் ரத்தப் பரிசோதனை செய்த லேப்களுக்குப் போவார், மருந்துக் கடை பில்களைக் கேட்பார். 2019-ல் எடுத்த ஒரு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) ரிப்போர்ட் கிடைத்தால் போதும், 2020-ல் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டது 2025-ல் பொய் ஆவணம் கொடுத்ததாக மாறிவிடும். கையில் ஜெயிக்கக்கூடிய கிளெய்மை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு கடிதத்தால் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த டாக்டரும் மெடிக்கல் கவுன்சில் முன் நிற்க வேண்டிவரும். கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏஜென்ட் மேல் உங்களுக்கு இருக்கும் கோபமும் அப்படித்தான். "அவர் எழுதவேண்டாம் என்றார், நானும் சரி என்றேன்" என்று புகாரில் எழுதினால், தெரிந்தே மறைத்தேன் என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. சுகரை மறைப்பதைச் சின்ன விஷயமாக நீதிமன்றம் பார்ப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2009-லேயே சத்வந்த் கௌர் வழக்கில் மெடிகிளெய்ம் மறுக்கப்பட்டதைச் சரி என்று சொல்லியிருக்கிறது. உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். புகாரில் மட்டும் 60 மாதத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

அப்புறம் தொகை. 4,60,000-மும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 2023-ல் கூட்டிய 2 லட்சத்துக்கு அன்றிலிருந்துதான் புதிய 60 மாதக் கணக்கு, அது முடியவில்லை. உங்கள் பலம் 3 லட்சத்தில்தான் இருக்கிறது. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் பதில் சரியாக வராவிட்டால், மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடம் முடிவதற்குள் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) போங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வரமுடியாது. நுகர்வோர் ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆம்பட்ஸ்மன் முன் 3 லட்சத்துக்குச் சமரசம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி 1,60,000-க்காக வருடக்கணக்கில் அலைவது உங்கள் உடம்புக்கு ஆகாது.

சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்: சுகரைப் பதிவுசெய்து இதே பாலிசி தொடரும் என்று. "பணம் தருகிறோம், பாலிசியை ரத்து செய்கிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுகரும் ஸ்டென்ட்டும் இருக்கும் 54 வயதுக்காரருக்குப் புதுப் பாலிசி கிடைப்பது மிகக் கடினம். கண், சிறுநீரகம், கால் என்று இனி எது வந்தாலும் இந்தப் பாலிசிதான் கைகொடுக்க வேண்டும். கிளெய்மை மறுத்த கோபத்தில் பிரீமியத்தை நிறுத்தி, கணக்கு முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. தகராறு எந்த நிலையில் இருந்தாலும், வரும் ஜூன் பிரீமியத்தைக் கெடு தேதிக்கு முன்பே கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள்.