வாசலில் ஒரு குளிர்காலம்: பழைய சாமானும் பச்சைக் கிளையும் – கேள்வி பதில்

பழைய சாமான் தேடி அலைவதும் தோட்டத்தில் கத்தரியோடு சுற்றுவதும் எனக்குப் பல வருடப் பழக்கம். இரண்டும் ஒன்று சேருகிற இடம் வீட்டு முன்வராண்டா. இலை உதிர்ந்து தோட்டம் மொட்டையாக நிற்கும் மாதங்களில் அதை எப்படி அலங்கரிக்கலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில். முதலிலேயே ஒன்று: வராண்டா வரவேற்பறை இல்லை. அங்கே தண்ணீர் உறையும், காற்று அடிக்கும், திடீரென்று வெயிலும் ஏறும். அதனால் நான் அழகைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் தண்ணீரைப் பற்றியும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. வீட்டில் ஒரு பழைய மர ஏணி, இரண்டு ஜி.ஐ. வாளி, துருப்பிடித்த லாந்தர் விளக்கு ஒன்று இருக்கின்றன. போதுமா?

தாராளம். முதலில் தெருவில் போய் நின்று கதவைப் பாருங்கள். வாசலுக்கு வருகிறவர் அங்கிருந்துதான் பார்க்கப்போகிறார். கதவின் கீல் இருக்கும் பக்கம் ஏணியைச் சாய்த்து, தூணோடோ சுவர்க் கொக்கியோடோ கம்பியால் கட்டிவிடுங்கள். காற்றுக்கு ஏணி விழுந்தால் அலங்காரம் மட்டும் உடையாது. எதிர்ப்பக்கம் தாழ்வாக, பெரிய வாளி முன்னால், சின்ன வாளி சற்றுப் பின்னால். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்தால் கல்யாண மண்டப வாசல் ஆகிவிடும். லாந்தரை ஏணிக்கு அடியில் தரையிலேயே வைக்கலாம்.

ஏணியின் எல்லாப் படியிலும் எதையாவது வைக்கத் தோன்றும். வேண்டாம், கடை அலமாரி மாதிரி தெரியும். ஒரு படியில் கிளைத் தோரணம், இன்னொன்றில் ஒரு பழைய எனாமல் ஜாடி, மீதி காலி. நடப்பதற்கு 90 செ.மீ. வழி கட்டாயம் விடுங்கள். பனி விழுந்த காலையில் மண்வாரியோடு அந்த வழியில் நிற்கப்போவது நீங்கள்தான்.

கேள்வி: போன வருடம் கிளைகளை வெட்டிக் கட்டினேன். பத்தே நாளில் ஊசி இலை எல்லாம் கொட்டிவிட்டது. எந்த மரம் தாங்கும்?

நீங்கள் வெட்டியது ஸ்ப்ரூஸ் அல்லது ஹெம்லாக் ஆக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். வெட்டிய பிறகு இலையைச் சீக்கிரம் உதிர்ப்பதில் இரண்டுக்கும் கெட்ட பெயர். ஃபிர் நன்றாகத் தாங்கும், பைனும் அப்படியே. சீடார் கிளை மெதுவாகத் தொங்கி விழும் அழகுக்காகவே வாங்கலாம். ஜூனிபர் குத்தும், ஆனால் அதன் நீலக் காய்கள் வேறு எதிலும் கிடைக்காது. பாக்ஸ்வுட் வட்டமான சின்ன இலையோடு அடர்த்தியாக நிற்கும். அதில் சில வகைகள் பூனை மூத்திரம் போல நாறும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிட்டேன். ஹாலி கிளையை வெட்டவெளியில் வைக்காதீர்கள். வெட்டிய ஹாலி உறைபனி பட்டால் இலை கறுத்துப்போகும்.

வாங்கும்போது கிளையைப் பிடித்து, விரலை உள்ளிருந்து நுனிப் பக்கம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஊசிகள் கையோடு வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடியை ஒரு விரற்கடை புதிதாக வெட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிறுத்துங்கள். தோரணம் என்றால் தொட்டியில் முழுசாக அமுக்கி ஊறவைத்து, நிழலில் நீர் வடியவிட்டுக் கட்டுங்கள்.

குளிர் கிளைக்குப் பகையில்லை, உண்மையில் அதுதான் குளிர்சாதனப் பெட்டி. பகை வெயிலும் வறண்ட காற்றும். இலை ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், வெட்டிய கிளைக்குத் திரும்ப நீர் கொடுக்க வேர் இல்லை. வெயில் நேரே அடிக்கிற சுவரில் தொங்கினால் எந்த மரமானாலும் காயும். ஈரம் காக்கும் மெழுகுத் தெளிப்பான்கள் கிடைக்கின்றன, ஓரளவு பலன் உண்டு. ஆனால் சீடார், நீல ஸ்ப்ரூஸ், ஜூனிபர் காய் இவற்றில் அடிக்க வேண்டாம். அவற்றின் நிறமே மேலே இருக்கும் மெழுகுப் பூச்சில்தான் இருக்கிறது, அது கெட்டுவிடும்.

கேள்வி: தொட்டி மண்ணில் கிளைகளைக் குத்தினால் சாய்ந்து சாய்ந்து விழுகின்றன. பழைய வாளியில் வைக்கலாமா?

இதில் நான் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

ஒரு வருடம் சோம்பலில் தள்ளிப்போட்டேன். கிளைகளோடு போய் நின்றபோது தொட்டி மண் கருங்கல். குத்திய கிளைதான் ஒடிந்தது. அதற்கு அடுத்த வருடம், மண் உறையும் முன்பே ஈரமாக்கிக் குத்தினேன். ஒரு வாரத்தில் மண் உறைந்து கிளைகளை சிமென்ட் போட்டது போலப் பிடித்துக்கொண்டது. எந்தக் காற்றும் அசைக்கவில்லை. ஆகவே உறைபனி வருமுன் முடித்துவிடுங்கள், பிடிமானத்தைப் பனி பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, வாளி. அழகான பழைய ஜி.ஐ. வாளி, துத்தநாகப் பூச்சு சாம்பல் பூத்து, கைப்பிடியில் மரக்குச்சி தேய்ந்து வழவழவென்று இருக்கும். அதில் ஓட்டை போட மனசு வரவில்லை. ஈர மணலைக் கொட்டிக் கிளை வைத்தேன். மழை பெய்தது, தேங்கியது, உறைந்தது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். காலையில் பார்த்தால் வாளியின் அடித்தையல் வாய் பிளந்து நிற்கிறது. மண் தொட்டியாக இருந்திருந்தால் இரண்டாகவே போயிருக்கும். இப்போது அடியில் ஐந்தாறு துளை போட்ட பிறகுதான் எந்த வாளியும் வெளியே போகும். துளை போட முடியாத அருமையான எனாமல் பாத்திரமா? கூரைக்கு உள்ளே, சாரல் படாத இடத்தில், காய்ந்த கிளை மட்டும் வையுங்கள்.

அடுக்கும் முறை: நடுவில் உயரமான சுள்ளி, சிவப்புத் தண்டு டாக்வுட் அல்லது வெள்ளை பர்ச். டாக்வுட்டில் இளந்தண்டுதான் நல்ல சிவப்பு, முதிர்ந்தால் மங்கும். அதைச் சுற்றி ஃபிர் அல்லது பைன், வெளியே சாய்ந்த மாதிரி. விளிம்பில் சீடார் வழிய வேண்டும். வாளியின் வாய் கண்ணுக்குத் தெரியக் கூடாது, வயிறு தெரிய வேண்டும். அடியில் இரண்டு செங்கல் போட்டால் கவிழாது.

கேள்வி: மேடம், ஒரு மர ஸ்லெட் வண்டி (பனியில் சறுக்குவது) பார்த்தேன். நூறு வருடப் பழசு என்கிறார் விற்பவர். எப்படி நம்புவது?

ஸ்க்ரூவைப் பாருங்கள். ஸ்டார் ஸ்க்ரூ, அதாவது தலையில் கூட்டல் குறி போல வெட்டு இருப்பது, 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தையது என்று சொல்லும் வண்டி முழுக்க ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் கதை உதைக்கிறது. ஒன்றிரண்டு மட்டும் என்றால் யாரோ பழுது பார்த்திருக்கலாம். அடுத்து தேய்மானம். பனியில் ஓடிய வண்டியின் இரும்புச் சட்டம் அடிப்பக்கம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், பக்கவாட்டில் துரு இருக்கும். எல்லா இடத்திலும் சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. முன்னால் குறுக்குக் கட்டையைத் திருப்பினால் வளையும் வண்டிகள், ஃபிளெக்ஸிபிள் ஃபிளையர் போன்றவை, 1889-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாக்காரர் சாமுவேல் லீட்ஸ் ஆலன் காப்புரிமை பெற்றதன் வழிவந்தவை. பல பத்தாண்டுகள் தயாரானவை, ஆகவே பெயர் இருப்பதாலேயே நூறு வயது ஆகிவிடாது.

சரி, புதுசாகவே இருந்தால்தான் என்ன? சுவரில் சாய்த்து ஒரு ஃபிர் கொத்தைக் கட்டினால் அழகுதான். பழைய விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய ஜன்னல் சட்டம் கிடைத்தது. பெயின்ட் உரிந்து உரிந்து வருகிறது, அதுதான் அழகே. அப்படியே மாட்டலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை.

குழந்தை இருக்கிறதென்றால் மாட்டாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான், பல நாடுகளில் அதைவிடத் தாமதம். உரிந்த செதில் தரையில் விழும், குழந்தையின் கை தரையிலிருந்து வாய்க்குப் போகும். அதைவிட மோசம், அழகுபடுத்துகிறேன் என்று காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. அந்தத் தூசிதான் உள்ளே போகும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடென்றால் உதிரும் செதிலை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, நிறமில்லா வார்னிஷ் இரண்டு கை அடித்து மாட்டலாம். உங்களுக்கு, பெயின்ட் படாத மரப்பெட்டி ஒன்று போதும்.

கேள்வி: மரப்பெட்டிக்கும் துருப்பிடித்த பால் கேனுக்கும் ஏதாவது பூச வேண்டுமா?

மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் பூசினால் நிறம் தூக்கும். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, நிஜமாகவே நடக்கும். வெளியே தரையில் விரித்துக் காயவிடுங்கள். பெட்டியின் கால்கள் ஈரத்தரையில் நிற்காமல் சின்னக் கட்டை கொடுங்கள், மரம் தண்ணீர் குடிப்பது அடிமுனை வழியாகத்தான்.

கேனுக்கு, உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட்டு மெழுகு பாலிஷ் தேய்த்தால் போதும். கல்தரை என்றால் அடியில் ஒரு பலகை. துருக்கறை கேன் போன பிறகும் வட்டமாக உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். படியில் பனி உருக உப்புத் தூவுகிறவர்கள் இந்தப் பக்கம் மணல் தூவுங்கள், உப்பு இரும்பையும் தின்னும் தொட்டிச் செடியையும் தின்னும்.

கேள்வி: லாந்தரில் நிஜ மெழுகுவத்தி?

கிளை பக்கத்தில் இருந்தால் கூடாது. காய்ந்த பைனும் ஃபிரும் பிசின் நிறைந்த எரிபொருள். பேட்டரி மெழுகுவத்தி வையுங்கள், மஞ்சள் ஒளி தருவது. உறைகுளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சோர்ந்துவிடும், லித்தியம் தாங்கும். கம்பி விளக்குச் சரம் என்றால் வெளிப்புறத்துக்கானதுதானா, ஐ.பி.44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான தரக்குறி) அல்லது அதற்கு மேலா என்று அட்டையில் பாருங்கள்.

கேள்வி: வெட்டிய கிளைக்குப் பதில் உயிருள்ள செடியைத் தொட்டியில் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

நல்ல யோசனை, ஆனால் நிலத்தில் தாங்கும் குளிரைத் தொட்டியில் தாங்காது. நிலத்தில் வேரைச் சுற்றி மண் போர்வை உண்டு, தொட்டியில் நாலு பக்கமும் குளிர். உங்கள் பகுதியைவிட இரண்டு குளிர் மண்டலம் (குளிரின் கடுமையை வைத்து ஊர்களைப் பிரித்த வரிசை) கூடுதலாகத் தாங்கும் வகையாக வாங்குங்கள். மண் உறையும் முன் நன்றாகத் தண்ணீர் விடுங்கள், இடையில் உருகும் நாட்களிலும் விடுங்கள். குளிர்காலத்தில் பசுமைச் செடி பழுப்பாவது பெரும்பாலும் தாகத்தால்தான்.

கேள்வி: நாய் எதையும் கடிக்கும். எதைத் தவிர்க்க?

யூ மரம். கட்டாயம் அது. பழச்சதை தவிர இலை, விதை எல்லாமே விஷம். ஹாலி, மிஸில்டோ காய்களும் எட்டாத உயரத்தில்.

கேள்வி: சொந்தத் தோட்டத்துப் பைனிலேயே வெட்டினால் மரம் கெடுமா?

பச்சை ஊசி இருக்கிற பகுதியில் வெட்டுங்கள், ஒரு பக்கக் கிளை பிரியும் இடத்தில். மொட்டைக் கட்டை வரை வெட்டினால் பைனும் ஃபிரும் அங்கே திரும்பத் துளிர்க்காது. பின்பக்கத்திலிருந்து எடுங்கள், தெருவுக்குத் தெரியாது.

கேள்வி: பைன் கூம்புகள் வீட்டுக்குள் விரிந்திருந்தன. வெளியே வைத்ததும் மூடிக்கொண்டன. கெட்டுவிட்டதா?

இல்லை. ஈரம் பட்டால் செதில்கள் மூடும், காய்ந்தால் விரியும். விதை நனையாமல் இருக்க மரம் செய்த ஏற்பாடு, உதிர்ந்து வருடங்கள் ஆனாலும் வேலை செய்கிறது. நான் ஒன்றைக் கதவு ஓரம் தொங்கவிட்டிருக்கிறேன், குடை எடுக்கலாமா என்று அதைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: என் மாமியார் வராண்டாவைப் பார்த்துவிட்டு "காயலான் கடை வச்சிட்டியா" என்று கேட்டார். பழைய ஐஸ் ஸ்கேட்டிங் ஷூ மூன்று ஜோடி, ஸ்லெட் இரண்டு, வாளி ஆறு, நாற்காலி ஒன்று. என்ன தவறு?

மாமியார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், மன்னியுங்கள். ஷூ ஒரு ஜோடி போதும், கதவுக் கொக்கியில் லேஸால் மாட்டுங்கள். கத்தி முனைக்கு ஒரு துணி சுற்றி, சாரல் படாத இடமாகப் பாருங்கள், தோல் நனைந்தால் பூஞ்சை, காய்ந்தால் வெடிப்பு. ஸ்லெட் ஒன்று. வாளி மூன்று, மூன்றும் வேறு வேறு உயரம். நாற்காலியில் எதையும் அடுக்காமல் ஒரு கம்பளி மட்டும் மடித்துப் போடுங்கள். யாராவது பூட்ஸ் மாட்ட உட்காரலாம் என்று தோன்ற வேண்டும். மிச்சத்தை உள்ளே வைத்து, இரண்டு வாரம் கழித்து மாற்றிப் போடுங்கள். மாமியாரும் புதுசு என்று நினைப்பார்.

கேள்வி: கதவில் மாட்டிய இலை வளையத்தை எப்போது கழற்றுவது? (மலர்வளையம் என்று எழுதக் கை வரவில்லை, இலை வளையம் என்றே வைத்துக்கொள்வோம்.)

பழுப்பானதும். பச்சையாகவே இருந்தாலும் வசந்தம் தொடங்குமுன் எடுத்துவிடுங்கள். சின்னப் பறவைகளுக்கு அது தயாராகக் கட்டிய கூட்டு அடித்தளம். எனக்கு ஒரு வருடம் தாமதமாகிவிட்டது, கழற்றப் போனபோது உள்ளே நான்கு முட்டை. குஞ்சுகள் பறக்கும்வரை பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தோம், அழைப்பு மணிக்குக் கீழே "சுற்றி வரவும்" என்று சீட்டு ஒட்டிவிட்டு.