உட்படுத்தல் வகுப்பில் சேர்ந்து படம் கீறும் விளையாட்டு பலன் தருமா?

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் உட்படுத்தல் வகுப்பு, தரம் 4, 31 பிள்ளைகள், அதில் ஒரு மகளுக்குக் காது கேளாது, ஒரு மகனுக்கு டவுன் சின்ட்ரோம், இன்னொருவருக்குக் கை நடுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழுவேலை என்றாலே இந்த மூன்று பேரும் ஓரமாகிவிடுகிறார்கள், சித்திர விளையாட்டு ஏதும் கைகொடுக்குமா என்பது உங்கள் கேள்வி.

கைகொடுக்கும். ஆனால் பெரிய தாளைக் கொடுத்து "எல்லாரும் சேர்ந்து கீறுங்க" என்று விட்டால் ஒன்றும் நடக்காது. பட்டறிந்துதான் சொல்கிறேன்.

நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். உங்கள் வகுப்பைப் போலவே கலந்த வகுப்பு. முதல் தடவை ஐந்து பேருக்கு ஒரு டிமைத்தாள், ஒரு பெட்டி பெஸ்டல் கொடுத்து வாவியைக் கீறச் சொன்னேன். கால் மணித்தியாலம் போகவில்லை, ஒவ்வொரு குழுவிலும் நன்றாகக் கீறுகிற பிள்ளை தாளின் மேல் படுத்தே விட்டது. இரண்டு பேர் வேடிக்கை, ஒருவர் பென்சில் சீவல். டவுன் சின்ட்ரோம் உள்ள மகனுக்குக் கிடைத்த வேலை பெஸ்டல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பொறுக்க மாட்டாமல் அவன் நீலத்தை எடுத்து ஒரு இழுவை இழுத்தான். உடனே முறைப்பாடு: "டீச்சர், இவன் என்ட தோணியப் பழுதாக்கிட்டான்!" ஐந்து பேருக்குக் கொடுத்த தாளில் "என்ட தோணி". பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மற்ற நாலு பேரும் இல்லாமலே முடிக்கக்கூடிய வேலையை அல்லவா நான் கொடுத்திருந்தேன்.

1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரத்தில், அதுவரை பிரித்து வைக்கப்பட்டிருந்த பல இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து முட்டிமோதிக் கொண்டிருந்தபோது, எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தையே துண்டாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அடுத்த பிள்ளை தன் துண்டைச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகும். 'ஜிக்சோ வகுப்பறை' என்பார்கள். நான் செய்தது அதைச் சித்திரத்துக்குக் கொண்டுவந்ததுதான்.

அடுத்த வாரம் அதே வாவி, அதே தாள். சட்டம் மட்டும் புதிது: ஆளுக்கு ஒரு நிறம், மற்றவரின் நிறத்தைத் தொடக்கூடாது, வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுத்தான் கீறுவிக்க வேண்டும். நீலத்தைத் தெரிந்தே அந்த மகனிடம் கொடுத்தேன். வாவியில் நீலம் இல்லாமல் என்ன கீறுவது? "இங்க கொஞ்சம் தண்ணி போடு மனே", "வானத்துக்கும் வா" என்று முழுக்குழுவும் அவனுக்குப் பின்னால். பிறகு அவனுக்கே பெருமை ஏறி, "பொறு, பொறு" என்று ஆட்களை வரிசையில் நிறுத்தத் தொடங்கிவிட்டான்.

இன்னொன்று, எங்கள் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தைத் துண்டுகளாகக் கீறுவது. பிரிஸ்டல் போட்டை ஆறாக வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன்பே, பாலமும் தண்ணீர்க் கோடும் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும் இடங்களில் விளிம்பின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்துவிடுங்கள். ஆளுக்கொரு துண்டு. உள்ளே என்னவும் கீறலாம், கோடு மட்டும் புள்ளியில் போய் முட்ட வேண்டும். எங்கள் வகுப்பில் பழைய இரும்புப் பாலமா, 2013இல் திறந்த புதுப் பாலமா என்று பெரிய சண்டை. கடைசியில் பாதி இரும்பு, பாதி கொங்கிரீட். கை நடுங்கும் பிள்ளையின் துண்டில் பாலம் நெளிந்துதான் வந்தது. பக்கத்துத் துண்டுக்காரி யோசித்துவிட்டுத் தன் பாலத்தையும் நெளித்துவிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

காது கேளாத மகளுக்கு நான் வைத்தது ஊமை விளையாட்டு. பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கக்கூடாது, கை, கண், விரல் மட்டும்தான். கதைத்தால் அந்தக் குழு ஒரு நிமிடம் பென்சிலைக் கீழே வைக்க வேண்டும். வாயாடிகள் எல்லாம் தவித்தார்கள். அவளுக்கோ அது தினமும் செய்கிற வேலை. நண்டு, வலை, அலை என்று சைகை காட்டிக் குழுவை நடத்தியது அவள்தான். அவளுடைய சைகைகளில் நாலைந்து இன்றைக்கும் வகுப்பில் புழங்குகின்றன, பரீட்சை நேரத்திலும்கூட (அது எனக்குத் தலையிடி).

தாளை மடித்துத் தலை, உடல், கால் என்று மூன்று பேர் பார்க்காமல் கீறும் விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1925 அளவில் பாரிசில் சர்ரியலிசக் கலைஞர்கள் (கனவுபோல விசித்திரமாகப் படைத்தவர்கள்) பொழுதுபோக்காகத் தொடங்கியது. கழுத்துக் கோட்டை மடிப்புக்குக் கீழே சற்றே இறக்கிவிட்டால் அடுத்தவர் அதைப் பிடித்துக்கொள்வார். நண்டுத் தலை, யானை உடம்பு, கொக்குக் கால் என்று வரும்போது யாருடைய கோடு கோணல் என்று பார்க்க யாருக்கும் தோன்றாது.

முதுகில் விரலால் கீறி, அதை முன்னால் இருப்பவர் தாளில் கீறும் விளையாட்டைப் பலர் சொல்வார்கள். தொடுகை ஒத்துவராத பிள்ளை, குறிப்பாக ஓட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால் வேண்டாம். ஒருநாள் அதனால் வகுப்பே அழுகையில் முடிந்தது.

சில்லறை விடயங்கள்: தாளை மேசையில் டேப் போட்டு ஒட்டுங்கள், நடுங்கும் கைக்குப் பாதிப் பாரம் குறையும். பென்சிலில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினால் பிடி தடிக்கும். பார்வை குறைந்த பிள்ளைக்குப் பைண்டர் கம்மால் கோட்டைப் போட்டு இரவு காயவிடுங்கள், விடிய விரலுக்குத் தெரியும். சக்கர நாற்காலியில் பிள்ளை இருந்தால் நிலத்தில் தாள் விரிக்க வேண்டாம். நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபதுக்கு மேல் கீற விடாதீர்கள், மிச்ச நேரம் பார்ப்பதற்கும் கதைப்பதற்கும். படங்களுக்குப் புள்ளி (மார்க்ஸ்) போடவே வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளையை நிரந்தர 'உதவியாளர்' ஆக்கவும் வேண்டாம். இரண்டு வாரத்தில் குட்டி டீச்சராகி அதட்டத் தொடங்கும்.

ஆனால் நன்றாகக் கீறுகிற பிள்ளைக்கு இதெல்லாம் உண்மையிலேயே கவலைதான். தோணிக்காரி ஒருநாள் அழுதே விட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கேட்கிற ஆளுக்குத் தனித்தாள் கொடுக்கிறேன். அதில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது.