கிளிநொச்சியில் எடுத்த மாதிரியை, அருகில் கருவிகள் இல்லாததால் வெளியே அனுப்பி, இலிப்பிட்டுப் பகுப்பாய்வு (கொழுப்பு வகைகளை இனங்கண்டு அளத்தல்) செய்ய இயலுமா?

இயலும். ஆனால் நீங்கள் கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் திரவ நிறப்பகுப்பியல் கருவியும் மூலக்கூறுகளின் திணிவை அளக்கும் திணிவு நிறமாலைமானியும் அருகில் இல்லாததைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருக்கிறீர்கள். பட்டப்பின் ஆய்வுக்காகக் கேட்கிறீர்கள் என எண்ணிக்கொண்டு, என் மாதிரிகளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

2022 மார்ச்சில் இரணைமடுக் குளத்து விரால் மீன்களின் தசையை வெட்டி, கொழுப்பைப் பிறகு பிரித்தெடுக்கலாம் என்று ஆழ்குளிரூட்டியில் வைத்திருந்தேன். அம்மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. தசை இறுகியே இருந்ததால் கெடவில்லை என்று நம்பினேன். மாதங்கள் கழித்து வந்த முடிவில், சில மீன்களில் மட்டும் சிதைந்த கொழுப்பின் அடையாளமான லைசோபொசுபற்றிடைல்கோலின்களும் கட்டற்ற கொழுப்பமிலங்களும் மிக உயர்ந்திருந்தன. அதைக் குளத்து நீரின் விளைவு என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான், உயர்ந்தவை யாவும் கதவோரத் தட்டில் இருந்தவை என்று கண்டேன். மீன் தசையிலுள்ள பொசுபோலிப்பேசு நொதியங்கள் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயும் ஓய்வதில்லை. அவை கலமென்சவ்வின் கொழுப்பான பொசுபோலிப்பிட்டிலிருந்து ஒரு கொழுப்பமிலத்தை அறுத்த பின் எஞ்சுவதே லைசோ வடிவம். கருவி அளந்தது சரி, நான் கொடுத்த தசைதான் வேறாகியிருந்தது.

ஆகவே தசையைச் சேமிக்காதீர்கள். மீன் வந்த அன்றே, 1957 இல் வெளியான ஃபோல்ச் முறைப்படி, குளோரோபோமும் மெதனோலும் 2:1 கலந்த கரைப்பானில் பிரித்தெடுங்கள். மெதனோல் நொதியங்களைச் செயலிழக்கச் செய்துவிடும். தியூத்தேரியம் (பார ஐதரசன்) ஏற்றிய அகநியமங்களை, அதாவது ஒப்பிட்டு அளப்பதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் கொழுப்புகளைக், கரைப்பானோடு முதலிலேயே சேருங்கள். கடைசியில் சேர்த்தால் இடையில் இழந்த கொழுப்புக்குக் கணக்கே இராது. பிளாஸ்ரிக் குழாய் வேண்டாம், கண்ணாடிதான் வேண்டும்: பொலிபுரொப்பிலீனிலிருந்து கசியும் எருக்கமைட்டு என்ற வழுக்குப் பொருள், திணிவு-ஏற்ற விகிதம் 338.34 இல் நேரயனாகத் தோன்றி உங்களைக் குழப்பும். மாதிரி இல்லாத வெற்றுக் கரைப்பானையும் அதே வழியில் கொண்டுசென்று அனுப்புங்கள்.

நான் திணிவு நிறமாலையில் நிபுணன் அல்லன். மறை 80 பாகை செல்சியசில் மாதிரி பல மாதம் தாங்கும் என்று சிலர் மறுப்பார்கள். அந்தக் குளிர் தடையின்றிக் கிடைக்கும் இடத்தில் அது உண்மை. என் முடிவைக் கண்ட மூத்த ஆய்வாளர் ஒருவர், வன்னியிலிருந்து வரும் மாதிரிகளே இப்படித்தான் என்றார். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது, ஏனெனில் அதே முடிவின் அறிக்கையில் அவருடைய ஆய்வுகூடம், மூலக்கூறின் தலைப்பகுதியை மட்டும் காட்டும் 184.07 துண்டயனை (மூலக்கூறு உடைந்து வரும் அயனை) வைத்துக்கொண்டு இரு கொழுப்பமிலங்களின் பெயரையும் இடத்தையும் எழுதியிருந்தது. அத்துண்டு சொல்வது பொசுபோகோலின் என்பதை மட்டுமே. கொழுப்பமிலச் சங்கிலிகளை அறிய எதிரயன் முறைத் துண்டங்களைக் கேட்டு வாங்குங்கள்.